வெள்ளைச்சேற்றில் ஒரு கால்வழக்கு

ஆவுளிமுனைக் கடலடியில் கிடக்கிற வெள்ளைச்சேறு சுண்ணாம்புக்கல்லாக மாறப் பத்து லட்சம் வருஷம் ஆகும் என்று புத்தகம் சொல்கிறது. ஆனால் அந்தப் புத்தகத்தை எழுதியவர் என் அப்பா கஸ்பாரையும் தொம்மை மாமாவையும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால், போதுமான பிடிவாதத்தோடு இரண்டு ஆம்பளைகள் ஒரே இடத்தில் நின்றால் அது ஒரு புதன்கிழமை காலையில் முடிந்துவிடுகிற காரியம் என்று அடிக்குறிப்பிலாவது போட்டிருப்பார்.

எங்கள் ஊரில் கடலுக்குள் எல்லைத் தகராறு வந்தால் யாரும் போலீசுக்குப் போவதில்லை, பங்குச்சாமியிடமும் போவதில்லை, கால்வழக்குத்தான். தகராறுக்காரர்கள் இரண்டு பேரும் கடல் வற்றும் நேரம் பார்த்து, தகராறு நடந்த இடத்துக்கே போய், முழங்கால் தண்ணீரில் ஒரு கை தூரத்தில் எதிரெதிரே நிற்க வேண்டும்; பேசலாம், ஏசலாம், பீடி குடிக்கலாம், வீட்டிலிருந்து கஞ்சி வந்தால் குடிக்கலாம், உட்கார ஏதாவது கிடைத்தால் உட்காரவும் செய்யலாம், ஆனால் எவன் கால் முதலில் தரையை விட்டுக் கிளம்புகிறதோ அவன் தோற்றான். பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், யாருக்காவது கால் மரத்துப்போகும், இல்லாவிட்டால் பக்கத்தில் திருக்கை ஒன்று வந்து மணலில் புதையும். பெண்களுக்குக் கால்வழக்கு கிடையாது. பெண்களுக்கு அவ்வளவு நேரம் கிடையாது என்பதுதான் காரணம், ஊரார் வேறு காரணம் சொல்வார்கள்.

அந்தப் புதன்கிழமைத் தகராறு ஒரு நண்டுவலைக் கம்பைப் பற்றியது. அப்பா வலை விடுகிற இடத்துக்கும் தொம்மை மாமா வலை விடுகிற இடத்துக்கும் நடுவே நட்டிருந்த கம்பு ஒரு முழம் வடக்கே, அதாவது எங்கள் பக்கம், நகர்ந்திருந்தது.

“அலை நகத்தியிருக்கும்வே,” என்றார் தொம்மை மாமா.

“அலைக்கு எம் பக்கம் மட்டுந்தான் வழி தெரியுமோ?” என்றார் அப்பா.

இரண்டு பேரும் மச்சான்மார், ஒரே நாளில் ஞானஸ்நானம் பெற்றவர்கள், இருபது வருஷம் ஒரே வள்ளத்தில் போனவர்கள், அதனால் விட்டுக்கொடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது. நின்றார்கள். கெண்டைக்கால் வரை சேற்றில் இறங்கி நின்றார்கள். எட்டு மணிக்கு அந்தச் சேறு சேறாகத்தான் இருந்தது, ஒன்பதுக்குக் கெட்டித் தயிரானது, பத்துக்கு அவித்த பனங்கிழங்கானது, பதினொன்றுக்குக் கருப்பட்டியானது, கோயிலில் நண்பகல் மணி அடித்தபோது கல்லாகிவிட்டது.

அப்பாவுக்குத் தெரிந்தது. தயிராக இருக்கும்போதே தெரிந்தது, அப்போது உருவியிருந்தால் கால் வந்திருக்கும், ஆனால் அசைத்துப் பார்த்தாலே ‘எடுத்துட்டான், எடுத்துட்டான்’ என்று எதிரே நிற்கிறவன் ஊரைக் கூட்டிவிடுவான் என்று அசையாமல் இருந்தார். தொம்மை மாமாவுக்கும் பனங்கிழங்கு நேரத்தில் தெரிந்தது, அவரும் அதையே நினைத்தார். ‘ஓய், உமக்குக் கால் இறுகுதா?’ என்று ஒருவர் மற்றவரைக் கேட்டிருக்கலாம். கேட்பது தோற்றதில் பாதி.

முதலில் கண்டுபிடித்தது தொம்மை மாமாவின் மனைவி பிலோமி அத்தை. கஞ்சி கொண்டுபோனவள் கால் இடறி, தூக்குவாளியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, “இங்கன யாரு சிமெண்ட் போட்டது?” என்று கேட்டாள். பிறகு இரண்டு பேருக்கும் கஞ்சியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, வாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்து என் அம்மாவிடம் சொன்னாள். அம்மா எனக்குப் போன் செய்தாள்.

“ஏட்டி ஜெசிந்தா, உங்கப்பா கல்லுல மாட்டிக்கிட்டாரு. நீ கல்லைத்தான படிக்க, வந்து என்னன்னு பாரு.”

நான் பல்கலைக்கழகத்தில் மண்ணியல் இரண்டாம் வருஷம். சுத்தியலை எடுத்துக்கொண்டு மறுநாள் காலை பஸ்ஸைப் பிடித்தேன்.

கல் நல்ல கல். இரண்டு பாய் அகலத்துக்கு, வெள்ளையாய், நெருக்கமாய், சுத்தியலால் தட்டினால் கணீரென்று பதில் சொல்லுகிற கல். அதைச் சுற்றி நாலா பக்கமும் பழைய சேறு பழையபடியே கொழகொழவென்று கிடந்தது. ஒரு சில்லை உடைத்துப் பேராசிரியருக்கு அனுப்பினேன். அவர் இரண்டு நாள் கழித்துப் பேசினார்.

“நல்ல மாதிரி. வயது குறைந்தது பத்து லட்சம்.”

“போன புதன்கிழமை சார்.”

“இருக்க முடியாதும்மா.”

“இருக்கிறதே சார், உங்கள் மேஜைமேல்.”

“சரி, ‘மாதிரி எடுத்த இடம்’ என்ற கட்டத்தில் ‘அப்பாவின் இடது குதிகாலுக்குத் தெற்கே ஒரு சாண்’ என்று எழுதியிருக்கிறாய். இதை ஆய்வேட்டில் எப்படி வைப்பது?”

“தொம்மை மாமாவின் வலது காலுக்கு வடக்கே ஒன்றரைச் சாண் என்றும் எழுதலாம் சார், ஆனால் அது வழக்கில் இருக்கிறது.”

அவர் போனை வைத்துவிட்டார். கண் முன்னால் இருப்பதை வைத்துக்கொண்டு இருக்க முடியாது என்று சொல்கிறவருக்குச் சம்பளமும், இருக்கிறது என்று சொல்கிறவளுக்குப் பூஜ்யமும் கொடுக்கிற ஏற்பாட்டை என்னவென்று சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.

ஊராருக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. புரட்டாசியில் சேறு கொஞ்சம் இறுகத்தான் செய்யும் என்றார்கள். எப்படி இறுகும் என்று மட்டும் பிலோமி அத்தை கேட்டாள், கல்லின் விளிம்பில் உட்கார்ந்து நான் சொன்னேன்.

“காலையில ஏழரை பஸ்ஸை நினைச்சுக்கோ அத்தை. முதல் ஸ்டாப்புல ஆளுக்கு ஆள் இடைவெளி, நடுவுல காத்து. வெள்ளைச்சேறும் அதேதான், பாசியும் சிப்பியும் பவளமும் செத்து உதிர்ந்த தூள், பாதிக்கு மேல தண்ணி. ஸ்டாப்புக்கு ஸ்டாப் ஆள் ஏறுது, மேல மேல தூள் விழுது, பாரம் அமுக்க அமுக்க நடுவுல இருந்த தண்ணி பிதுங்கி வெளிய போகுது. நெரிசல் தாங்காம ஒல்லியா இருக்கிறவங்க கரையிறாங்க. கரைஞ்சது போய் குண்டா இருக்கிறவங்க மேல படியுது. குண்டுங்க இன்னும் குண்டாகி, மிச்சம் இருந்த சந்துபொந்தையும் அடைச்சு, ஒருத்தரோட ஒருத்தர் ஒட்டிக்கிறாங்க. கடைசி ஸ்டாப்புல பஸ்ஸுக்குள்ள ஆளே இல்ல, ஒரே கட்டி.”

அத்தை யோசித்தாள். “அப்போ சின்னவன் கரைஞ்சு பெரியவன் பெருக்கிறது கல்லுக்குள்ளயும் உண்டா?”

“உண்டு அத்தை.”

“பின்ன இதப் படிக்க எதுக்கு அம்புட்டுத் தூரம் போன, இங்கனயே இருந்திருக்கலாம்லா.”

“அந்த பஸ்ஸுல நான் எங்கட்டி நிக்கேன்?” என்றார் அப்பா.

“படிக்கட்டுலப்பா.”

“எனக்கு சன்னல் சீட்டு,” என்றார் தொம்மை மாமா உடனே.

இப்படித்தான் அது ஊரின் சாதாரணங்களில் ஒன்றாகிப் போனது. நாலு கம்பு நட்டுப் பனையோலைக் கொட்டகை போட்டார்கள், கோயிலிலிருந்து உயரமான இரண்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து ஆளுக்கொன்றாய்ப் பின்னால் வைத்தார்கள், நாவிதர் சனிக்கிழமைதோறும் வள்ளத்தில் வந்து இரண்டு பேருக்கும் சவரம் செய்தார், ரேஷன் கடைக்காரர் விரல் வைக்கிற மெஷினைப் பிளாஸ்டிக் பைக்குள் சுற்றிக் கொண்டுவந்து சிக்னல் தேடி அதைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டே கல்லைச் சுற்றி நடந்தார், கிராம அலுவலர் வந்து பார்த்து இவர்கள் நிற்கிற இடம் எந்த இலாகாவில் வரும் என்று கால் மணி நேரம் யோசித்துவிட்டு ‘தற்காலிக முகவரி: கடல்’ என்று எழுதிக்கொண்டு போனார். பங்குச்சாமி ஞாயிறு மதியம் நற்கருணை நன்மை கொண்டுவந்தார், பாவசங்கீர்த்தனமும் கேட்டார். ஒருவர் பாவத்தைச் சொல்லும்போது மற்றவர் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு, இரண்டு பேரும் பொத்தவில்லை, அதனால் அந்தப் பாவங்களும் தகராறில் சேர்ந்துகொண்டன. ஆழக்கடலிலிருந்து திரும்புகிற வள்ளங்கள் கஸ்பாருக்கும் தொம்மைக்கும் நடுவே முன்னணியத்தை, அதாவது வள்ளத்தின் மூக்கை, வைத்து விட்டால் நேரே துறைக்கு வரலாம் என்று கண்டுகொண்டன. ஊரின் மிகச் சத்தமான இரண்டு வாய்களும் கடலுக்குள் போய்விட்டதால் ஊர்க்கமிட்டிக் கூட்டம் பதினைந்து நிமிஷத்தில் முடிந்தது, முடித்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

என் அம்மா ரெஜினாவும் பிலோமி அத்தையும் இரண்டு வலையையும் ஒன்றாக முடிந்து ஒரே வலையாக விட்டார்கள். நண்டு வந்தது. வடக்கு நண்டு, தெற்கு நண்டு என்று எதுவும் சொல்லிக்கொண்டு வரவில்லை. அந்த எல்லைக் கம்பு எங்கே என்று மூன்றாம் நாள் நான் கேட்டேன்.

“கொட்டகைக்கு ஒரு கம்பு குறைஞ்சுது, பிடுங்கி நட்டுட்டோம்,” என்றாள் அம்மா.

அந்தக் கம்பின் நிழலில்தான் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு இருந்த கவலையெல்லாம் வேறு ஒன்று. கொட்டகைக் கம்பில் அப்பாவின் உச்சந்தலை மட்டத்துக்குத் தினமும் ஆணியால் ஒரு கோடு கிழித்துவந்தேன், தினமும் கோடு ஒரு விரற்கடை கீழே போனது. கல்லுக்கு அடியில் இன்னும் சேறு இருக்கிறது, பாரம் அமுக்குகிறது, தண்ணீர் பிதுங்குகிறது, சேறு மெலிகிறது, கல் இறங்குகிறது, கல்லோடு அப்பாவும் இறங்குகிறார். முதல் நாள் கடல் ஏறும் நேரத்தில் இடுப்பளவு இருந்த தண்ணீர் பன்னிரண்டாம் நாள் மார்புக்கு வந்தது. நாற்காலியை உயர்த்தலாம், காலை உயர்த்த முடியாது. இருபத்தைந்தாம் நாள் மூக்கு. நான் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

“அதுக்கு இன்னும் நாளு கிடக்குலா,” என்றார்கள் ஊரார்.

பத்து லட்சம் வருஷத்து வேலையை ஒரு காலையில் செய்து முடித்த கல்லின் மேல் நின்றுகொண்டு இன்னும் நாள் கிடக்கிறது என்று சொல்கிறவர்களிடம் எந்த மொழியில் பேசுவது. அதிலும் தொம்மை மாமாவைவிட அப்பா ஒரு சாண் குட்டை.

பதினெட்டாம் நாள் உள்நாட்டிலிருந்து ஒரு கல்கொத்தரை நானே அழைத்துவந்தேன். அவர் கல்லைத் தடவிப் பார்த்தார், உளிகளை விரித்தார். “ஒரு ஆளுக்கு அரைநாள் ஆகும். யாரு காலை முதல்ல எடுக்கணும்?”

“அவன் காலை,” என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில்.

“எனக்குக் கை ரெண்டுதான் அண்ணாச்சி, கால் நாலுல்லா இருக்கு,” என்று உளிகளைச் சுருட்டினார் அவர்.

இருபத்திரண்டாம் நாள் கடல் ஏறியபோது அப்பா வானத்தைப் பார்த்துத்தான் பேச முடிந்தது. அன்று மாலை கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. கால் பதிந்திருப்பது இப்போது சேறில்லை, கல், ஆகவே சேற்றுக்கான சட்டம் கல்லுக்குப் பொருந்தாது என்றேன். சட்டத்தில் தரை என்றுதான் இருக்கிறது என்றார்கள். உயிர் போனால் கால் தானாகக் கிளம்பாதா, அப்போது என் அப்பா செத்துத் தோற்றவரா என்றேன். அதற்கு முன்னுதாரணம் இல்லை என்றார்கள். நாலு பேர் நாலு காலையும் ஒரே நேரத்தில் எடுக்கட்டும் என்றார் பங்குச்சாமி, ஒரே நேரம் என்பதை யார் பார்ப்பது என்று கேட்டு அவரை உட்கார வைத்தார்கள். ஒன்றரை மணி நேரம் ஆனது. என் தொண்டை கட்டிப்போனது. அப்புறம் நான் கேட்டேன், காலைக் கல்லிலிருந்து எடுக்காமல், கல்லைக் கடலிலிருந்து எடுத்தால் என்ன. சுற்றிலும் வெட்டி, கல்லோடு, நின்றவர்கள் நின்றபடியே கரைக்கு வரட்டும். யார் காலும் எதையும் விட்டுக் கிளம்பவில்லை.

பதினைந்து நிமிஷத்தில் கூட்டம் முடிக்கப் பழகிப்போயிருந்தவர்கள் சரி என்று சொல்லி எழுந்து போனார்கள்.

மறுநாள் நான் நீந்திப் போய்ச் சொன்னபோது அப்பா உதட்டை மேலே குவித்துக்கொண்டு சொன்னார். “கல்லு கரைக்கு வந்துட்டா நான் நின்ன எடத்துல நிக்கலன்னு ஆயிரும்லா.”

“இடமும் உங்ககூட வருதுப்பா.”

“இவன் பக்கம் ஒரு முழம் கூட வந்துட்டா?”

ஒரு சின்ன அலை வந்து அவர் வாயை மூடிவிட்டுப் போனது. அவர் இருமி முடிக்கும் வரை தொம்மை மாமா அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெட்டச் சொல்லுட்டி,” என்றார். “இவன் வாயில தண்ணி போயிட்டே இருந்தா நான் யார்ட்ட பேச?”

கல்கொத்தர் நாலு ஆளோடு திரும்பி வந்தார். கடல் இரண்டு முறை வற்றியபோது இறங்கிச் சுற்றிலும் வெட்டி முடித்தார்கள். மூன்றாவது வற்றில் பதினாறு காலி டிரம்களைக் கல்லின் விளிம்பில் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினோம், மூழ்கிப்போன வள்ளத்தைத் தூக்குகிற அதே முறைதான், நாம் தூக்க வேண்டாம், கடல் ஏறும்போது அதுவே தூக்கும். ஏறியது. தண்ணீர் அப்பாவின் தாடைக்கு வந்தது, உதட்டுக்கு வந்தது, மூக்கின் கீழே நின்றது. அம்மா என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் ஒன்று வளைந்தது. பிறகு கீழே சேறு முத்தம் கொடுப்பது போல ஒரு சத்தம் போட்டுக் கல்லை விட்டது, இரண்டு பேரும் மெதுவாக, மார்பு தெரிய, வயிறு தெரிய, முழங்கால் தெரிய, சப்பரத்தில் வருகிற சொரூபங்கள் போல எழுந்தார்கள். ஆறு வள்ளம் கயிறு கட்டி இழுத்தது. துறையில் ஊர் முழுக்க நின்று ஏலேலோ போட்டுக் கல்லைக் கோயிலுக்கு முன்னால் மணலில் ஏற்றியது.

“இனி வெட்டி எடுக்கலாம்லா,” என்றார் கல்கொத்தர்.

“அவன் காலை முதல்ல,” என்றார்கள் இரண்டு பேரும்.

ஊருக்கு அலுத்துவிட்டது. உயிருக்கு ஆபத்து இல்லாத பிடிவாதத்துக்கு எங்கள் ஊரில் மரியாதை குறைவு. ஆளாளுக்கு வேலையைப் பார்க்கப் போனார்கள், அம்மாவும் அத்தையும் கடல் கெடுவதற்குள் வலையை எடுக்கப் போனார்கள், மூன்று நாள் இரண்டு பேரும் கோயிலுக்கு முன்னால் கல்மேல் நின்று, போகிறவர் வருகிறவரிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நாலாம் நாள் பிற்பகல் ஐப்பசியின் முதல் மழை வந்தது. மழைத்தண்ணீருக்குள் காற்றின் புளிப்பு கொஞ்சம் உண்டு, அது சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கும், அதற்கும் லட்சக்கணக்கான வருஷம் ஆகும் என்று அதே புத்தகம்தான் சொல்கிறது. ஆனால் அவசரமாய்க் கூடியது அவசரமாய்ப் பிரிந்தது. மணலில் நின்ற கொஞ்ச நஞ்சப் பேரும் வீட்டுக்கு ஓடிவிட, நான் மட்டும் கோயில் முகப்பில் ஒதுங்கி நின்றேன். கல்லின் ஓரங்கள் முதலில் வழிந்தன, பிறகு நடுவே குழி விழுந்தது, வெள்ளை வெள்ளையாய் ஓடைகள் கடலைப் பார்த்துப் போயின. கால் மணி நேரத்தில் நாலு கால்களும், ஊறி வெளுத்து, வெறும் மணலில் நின்றன.

யாரும் எடுக்கவில்லை.

மழைக்குள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்பாவின் வலது கால் நடுங்க ஆரம்பித்தது. மூன்று வாரத்துக்கு மேல் கல்லுக்குள் இருந்த கால், ரத்தம் திரும்பி வருகிறபோது வலி எப்படி இருக்கும் என்று அவர் முகத்தில் தெரிந்தது, இன்னும் பத்து எண்ணுவதற்குள் விழுந்துவிடுவார் என்பதும் தெரிந்தது. விழுந்தால் கால் கிளம்பும். தொம்மை மாமா செய்ய வேண்டியதெல்லாம் பத்து எண்ணுவதுதான்.

அவர் எண்ணவில்லை. “சவத்து மூதி,” என்று ஏசிக்கொண்டே குனிந்தார், முட்டி நெட்டி முறிகிற சத்தம் மழையிலும் எனக்குக் கேட்டது, அப்பாவின் கெண்டைக்காலை இரண்டு கையாலும் பிடித்துத் தேய்த்தார், தேய்த்தபடியே அந்தக் காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார். குனிந்தபோது அவர் குதிகால் மணலை விட்டதா, தூக்கியபோது அப்பாவின் பாதம் மணலை விட்டதா, எது முதல். நான் பார்த்தேன். தெளிவாகப் பார்த்தேன். அப்பா அவர் தலையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று, “மெல்லவே, மெல்ல,” என்றார்.

மறுநாள் ஊர்க்கமிட்டி என்னை அழைத்தது. வழக்கு என்றால் முடிவு வேண்டும், கம்பை எங்கே நடுவது என்று தெரிய வேண்டும், பார்த்தவள் நான் ஒருத்திதான். அப்பா ஒரு மூலையில் காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார், தொம்மை மாமா இன்னொரு மூலையில். இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள், வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டு பேரும் பேசாமல் இருந்தார்கள்.

“நீ அங்கனதான நின்ன?” என்றார் பங்குச்சாமி.

“நின்னேன் சாமி.”

“யார் கால் முதல்ல?”

கணக்கும் கோடும் கல்லும் சாட்சியுமாக நாலு வாரம் இந்த ஊரோடு மல்லுக்கு நின்றவள் நான். வாயைத் திறந்தேன்.

“மழையில கண்ணாடி நனைஞ்சுபோச்சு சாமி. ஒண்ணும் தெரியல.”

பங்குச்சாமி என் முகத்தை உற்றுப் பார்த்தார். “நீ கண்ணாடி போடுறதில்லையேம்மா.”

வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்த பிலோமி அத்தை நிமிராமலே சொன்னாள். “போட்டிருந்தா நனைஞ்சிருக்கும்லா சாமி.”